பழைய கவுன்சலர் மேல் வழக்கு: விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு

"தெரபிஸ்ட் தப்பா நடந்துக்கிட்டார். அவர்கிட்ட போறதை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆச்சு. இப்ப கேஸ் போட முடியுமா?"

போட முடியும். ஆனால் யார்மேல், எங்கே, எந்தத் தப்புக்காக, எத்தனை மாதத்துக்குள் என்ற நான்கும் சேர்ந்தால்தான் அந்த 'முடியும்' பொருள் பெறும். நான் வழக்கறிஞர் இல்லை, சட்டப் பிரிவுகளை மூலத்தில் போய்ப் படித்துப் பார்க்கிற பழக்கம் உள்ள ஆள். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். சட்டம் ஊருக்கு ஊர் மாறாது. கதவுகள் எங்கே இருக்கின்றன என்பது மாறும்.

மனநலச் சிகிச்சை என்ற பெயரில் நடந்த அத்துமீறலுக்கு இந்த மாவட்டமே நாடறிந்த உதாரணம் ஆகிவிட்டது. விக்கிரவாண்டி பக்கம் குண்டலப்புலியூரில் இயங்கிய அன்புஜோதி ஆசிரமம், 2023 பிப்ரவரி. ஒரு முதியவரை அங்கே சேர்த்திருந்தார்கள். பிறகு தேடிப் போனால் ஆள் இல்லை, பெங்களூரில் வேறொரு இல்லத்துக்கு மாற்றிவிட்டோம் என்று பதில். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போன பிறகுதான் அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். 140க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள், பலர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். உரிய அனுமதி இல்லாமல் நடத்தியதாகவும், உள்ளே இருந்தவர்களை அடித்ததாகவும், பாலியல் வன்முறை நடந்ததாகவும் புகார்கள் எழுந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

இதில் நான் கவனிப்பது ஒன்றுதான். வருஷக்கணக்காக நடந்த இடம். உள்ளே இருந்தவர்கள் பேசாமலா இருந்திருப்பார்கள்? பேசியிருப்பார்கள். "அது மனசு சரியில்லாதது, ஏதாவது உளறும்" என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். ஒரு கிளினிக் அறையில் தனியாக உட்கார்ந்து பேசிய படித்த பெண்ணுக்கும் கடைசியில் இதே வரிதான் காத்திருக்கிறது. அதனால் சட்டம் அந்த வரிக்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மூன்றாம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது: ஒருவருக்கு மனநோய் இருப்பதாகத் தீர்மானிக்கப்பட்டதாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், அப்படி உரிய நீதிமன்றம் அறிவித்தால் ஒழிய. சாட்சியச் சட்டமும் அதே பக்கம்தான். பழைய சட்டத்தில் 118, இப்போதைய பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 124. கேட்கிற கேள்வி புரிந்து, அறிவோடு பதில் சொல்ல முடிகிற யாரும் சாட்சி சொல்லலாம். மனநலப் பாதிப்பு இருந்தாலும், அந்தப் பாதிப்பு கேள்வியைப் புரிந்துகொள்ள விடாமல் தடுத்தால் மட்டுமே தகுதி போகும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டவர், பதற்றத்துக்கு கவுன்சலிங் போனவர், யாருக்கும் இதனால் தகுதி குறையாது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு இதைத் தொடாமல் விடாது, அது வேறு விஷயம். தொடும்போது நம் வழக்கறிஞர் எழுந்து சொல்ல வேண்டிய இரண்டு பிரிவுகள் இவை.

அடுத்தது யார் என்கிற கேள்வி. 'தெரபிஸ்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் நாலைந்து விதமான ஆட்கள் இருக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்த மருத்துவர் என்றால் அவர் மருத்துவக் கவுன்சிலின் கீழ் வருவார். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், 1992ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்வதே தண்டனைக்குரியது. மற்ற உளவியலாளர்கள், கவுன்சலர்கள், மனநலச் சமூகப் பணியாளர்கள் ஆகியோரை 2021இல் வந்த துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்தது. அது இன்னும் முழுதாகக் காலூன்றவில்லை. கடைசியாக ஒரு கூட்டம்: மூன்று மாத டிப்ளமோ, 'லைஃப் கோச்', 'ஹீலர்', ஹிப்னோ என்று பலகை மாட்டியவர்கள். இவர்களைக் கேட்க எந்தக் கவுன்சிலும் இல்லை. ஆகவே முதல் வேலை, அவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று பார்ப்பது. மருத்துவக் கவுன்சில், மறுவாழ்வுக் கவுன்சில் இரண்டின் பதிவேட்டையும் இணையத்தில் தேடலாம். பத்து நிமிஷம் போதும். பெயர் இல்லை என்றால் மனம் தளர வேண்டாம், இல்லாத தகுதியைச் சொல்லிப் பணம் வாங்கினார் என்பதே தனி வழக்குக்குப் போதுமான சங்கதி.

என்ன தப்பு என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். சிகிச்சை பலன் தரவில்லை என்பது வேறு, நடத்தைக்கேடு வேறு. பலன் இல்லை என்பதற்கு வழக்கு நிற்பது கடினம். நடத்தைக்கேடு என்றால் சில வகைகள் கண்முன் தெரிகின்றன. சிகிச்சையில் இருப்பவரிடம் கடன் வாங்குவது, தன் வீட்டு வேலையைச் செய்யவைப்பது. சொன்னதை வெளியே சொல்வது: திண்டிவனம் மாதிரி ஊரில் இதன் விலை சென்னைக்காரர்களுக்குப் புரியாது. கவுன்சலரும் மாமியாரும் ஒரே கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிடுகிற ஊர் இது. மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கும் உரிமையைச் சட்ட உரிமையாகவே தருகிறது. குடும்பத்தார் பணம் கட்டினார்கள் என்பதால் அவர்களுக்கு எல்லாம் சொல்லிவிடலாம் என்று அதில் எங்கும் இல்லை.

இன்னொரு வகை, தன்பாலீர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று செய்யும் சிகிச்சை. இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இந்த மாற்றுச் சிகிச்சை முயற்சிகளைத் தடை செய்தார், அதில் ஈடுபடும் தொழில்முறையாளர்கள்மீது உரிமத்தைப் பறிப்பது உட்பட நடவடிக்கை எடுக்கச் சொன்னார். தீர்ப்பு எழுதும் முன் அவரே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து பேசிப் புரிந்துகொண்டார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் இதை நடத்தைக்கேடு என்றே அறிவித்தது. வீட்டார் கட்டாயத்தில் இப்படி ஒரு 'சிகிச்சை'க்கு உட்பட்டவர்கள் கையில் இருக்கிற கருவிகள் இவை.

பாலியல் அத்துமீறல்தான் எல்லாவற்றிலும் கனமானது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வழக்கமாக வரும் முதல் எதிர்வாதம் "அவங்களும் சம்மதிச்சாங்க". வயது வந்த இருவர், இதில் தெரபிஸ்ட் என்பதால் என்ன வந்தது?

1975இல் நியூயார்க்கில் ஒரு நடுவர் குழு இதே கேள்விக்குப் பதில் சொன்னது. ஜூலி ராய் என்ற பெண், தன் மனநல மருத்துவர் ரெனாட்டஸ் ஹார்டாக்ஸ் மீது வழக்கு போட்டிருந்தார். ஹார்டாக்ஸ் சாதாரண ஆள் இல்லை, காஸ்மோபாலிட்டன் பத்திரிகையில் ஆலோசனைப் பத்தி எழுதியவர், பின்னாளில் கென்னடியைக் கொன்றதாகக் கைதான லீ ஹார்வி ஆஸ்வால்டைச் சிறுவனாக இருந்தபோது பரிசோதித்தவர். உடலுறவைச் சிகிச்சையின் பகுதி என்று சொல்லியிருந்தார் என்பது புகார். மயக்கிக் கெடுத்தார் என்று நஷ்டஈடு கேட்கும் வழக்குகளை அந்த மாநிலம் 1930களிலேயே ஒழித்துவிட்டது, ஆகவே இந்த வழக்கே செல்லாது என்றது எதிர்த்தரப்பு. நீதிமன்றம் ஏற்கவில்லை. இது காதல் விவகாரம் இல்லை, பாதுகாவலருக்கும் பாதுகாக்கப்படுபவருக்கும் இடையே இருப்பது போன்ற நம்பிக்கை உறவு, அதை முறித்ததே குற்றம் என்றது. ஜூலி ராய் வென்றார். மேல்முறையீட்டில் தொகை 25,000 டாலராகச் சுருங்கியது, தீர்ப்பு நின்றது.

அந்த 'நம்பிக்கை உறவு' என்ற சொல் நம் சட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2013 திருத்தத்தில் இந்திய தண்டனைச் சட்டம் 376சி-யில் வந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 68. அதிகாரத்தில் இருப்பவரோ, நம்பிக்கை உறவில் இருப்பவரோ, மருத்துவமனை நிர்வாகியோ ஊழியரோ, அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்தித் தன் பொறுப்பில் இருக்கும் பெண்ணை உறவுக்கு இணங்கவைத்தால் குற்றம். வன்புணர்வு ஆகாத உறவுக்கே இது. அதாவது பெண் 'சரி' என்று சொல்லியிருந்தாலும் பிரிவு பாயும். தண்டனை 5 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை. கவுன்சலர் இந்தச் சொல்லுக்குள் வருவார் என்பதே என் வாசிப்பு. மனசைத் திறந்து வைக்கிற அந்த அறையில் இல்லாத நம்பிக்கை உறவு வேறு எங்கே இருக்கப்போகிறது? ஒன்று மட்டும்: சிகிச்சை நடந்த காலத்தில் நடந்ததா, முடிந்த பிறகா என்பது இங்கே பெரிய வித்தியாசம். அவர் இப்போது 'முன்னாள்' தெரபிஸ்ட் என்பதால் வழக்கு கெடாது. சம்பவம் நடந்த அன்று அவர் யாராக இருந்தார் என்பதுதான் கணக்கு. 2024 ஜூலை 1க்கு முன் நடந்தது என்றால் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுகளிலேயே வழக்கு பதிவாகும்.

ஆண்களுக்குச் சட்டம் இவ்வளவு தாராளமாக இல்லை. 377ஐ மொத்தமாகக் கைவிட்டுவிட்டதால், வயது வந்த ஆண் பாதிக்கப்பட்டால் புதிய சட்டத்தில் நேரான பாலியல் பிரிவு கிடையாது. தாக்குதல், மிரட்டல் பிரிவுகள், கவுன்சில் புகார், நுகர்வோர் வழக்கு என்று சுற்றித்தான் வர வேண்டும். இது சட்டத்தின் ஓட்டை, வேறு பெயர் சொல்ல விருப்பமில்லை. 18 வயதுக்குக் கீழே என்றால் ஆண், பெண் பேதம் இல்லை, போக்சோ வரும்.

காலக்கெடுவில்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். பெரிய குற்றங்களுக்குக் கெடு இல்லை, சின்னவற்றுக்கு உண்டு. 3 ஆண்டுக்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது. 68உம், பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் தாக்குதலுக்கான 74உம் இதில் அடங்கும். ஆபாசமாகப் பேசினார் என்பது மட்டும் என்றால் 75இன் கீழ் ஓராண்டு வரைதான் தண்டனை, ஆகவே ஓராண்டுக் கெடு. விரும்பாத தொடுகை, உறவுக்கு அழைத்தல் ஆகியவற்றுக்கு அதே பிரிவில் 3 ஆண்டு வரை தண்டனை, 3 ஆண்டுக் கெடு. நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்க வழியிருக்கிறது. மேலே கேட்ட 'ஒன்றரை வருஷம்' என்ற கேள்விக்கு இப்போது பதில் தெரியும்: பேச்சு மட்டும் என்றால் போலீஸ் கெடு தாண்டிவிட்டது, மற்றவை எல்லாம் உயிரோடு இருக்கின்றன.

எங்கே போவது? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. தெரபிஸ்ட் புதுச்சேரியிலோ சென்னையிலோ இருந்தாலும் இங்கேயே புகார் கொடுக்கலாம். எந்த எல்லையில் நடந்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவே சொல்கிறது, பிறகு அவர்கள் உரிய நிலையத்துக்கு அனுப்பிக்கொள்வார்கள். புதுச்சேரி இருபது கல் தொலைவில் இருந்தாலும் வேறு ஆட்சிப்பகுதி என்பதால் "அங்க போங்கம்மா" என்று திருப்பிவிடுவார்கள். அப்போது இந்த எண்ணைச் சொல்லுங்கள். பாலியல் குற்றங்களில் பெண் காவலர்தான் வாக்குமூலம் பதிய வேண்டும். பாதிக்கப்பட்டவர் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ மனநலக் குறைபாடு உள்ளவர் என்றால் அவர் வீட்டுக்கோ, அவர் சொல்லும் இடத்துக்கோ வந்து, உதவியாளரை வைத்து, வீடியோவில் பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்.

"மருத்துவர்மேல் வழக்கு என்றால் முதலில் இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டும்" என்று ஸ்டேஷனில் சொல்லக்கூடும். அது 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் கவனக்குறைவுக் குற்றச்சாட்டுக்குச் சொன்ன நெறி. தப்பான ஊசி போட்டதற்குப் பொருந்தும், தொடையில் கை வைத்ததற்குப் பொருந்தாது.

பெரிய ஆள்மேல் புகார் கொடுத்தால் எடுபடுமா என்ற சந்தேகம் நியாயமானது. ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, தன் மேலதிகாரியான சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ்மீது 2021இல் கொடுத்த பாலியல் துன்புறுத்தல் புகார் விசாரிக்கப்பட்டது விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில்தான். 2023 ஜூனில் 3 ஆண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது, அடுத்த பிப்ரவரியில் விழுப்புரம் அமர்வு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்கு மேலும் சட்டப் போராட்டம் தொடர்ந்தது. புகார் கொடுத்தவரே போலீஸ் அதிகாரி. அவர் சென்னைக்குப் போய்ப் புகார் கொடுப்பதையே வழியில் தடுக்கப் பார்த்தார்கள். நம்பிக்கை, அவநம்பிக்கை இரண்டுக்கும் இந்த ஒரே வழக்கை மேற்கோள் காட்டலாம்.

பலரும் எட்டிப் பார்க்காத ஒரு கதவு இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம், 2013. அது வேலை பார்க்கும் பெண்களுக்கு மட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். "பணியமர்த்தப்பட்டவரோ இல்லையோ" என்கிறது வரையறை. பணியிடம் என்பதில் மருத்துவமனையும் நர்சிங் ஹோமும் உண்டு. ஆகவே நோயாளியும் அந்த மருத்துவமனையின் உள்ளகக் குழுவில் புகார் கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கிளினிக், அல்லது முதலாளியே குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. கெடு 3 மாதம், தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம். ஒன்றரை வருஷக்காரர்களுக்கு இது மூடிவிட்டது, நேற்று நடந்தவர்களுக்குத் திறந்திருக்கிறது.

மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் நோயாளியுடன் முறையற்ற உறவு வைப்பதை ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. அங்கே பணம் கிடைக்காது, பதிவேட்டிலிருந்து பெயர் போகும். அடுத்த நோயாளிக்கு இது நடக்கக்கூடாது என்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் இதற்கு ஈடான வழி வேறு இல்லை என்பேன். பணம் திரும்ப வேண்டும், நஷ்டஈடு வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம். கட்டணம் வாங்கிச் செய்த சேவை என்பதால் மருத்துவர் அல்லாத கவுன்சலரும் சிக்குவார். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், எனவே தெரபிஸ்ட் சென்னையில் உட்கார்ந்து போனில் பேசியிருந்தாலும் விழுப்புரம் ஆணையம் போதும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. முழுக்க இலவசமாக நடக்கும் அரசு மருத்துவமனை இதில் வராது. ரசீது தரவில்லையே என்று கவலைப்படுபவர்கள் தங்கள் ஜி-பே வரலாற்றைத் திறந்து பாருங்கள், ஒவ்வொரு அமர்வும் தேதியோடு அங்கே கிடக்கும்.

எந்த வழியானாலும் அதற்கு முன் ஒரு காரியம்: உங்கள் சிகிச்சைக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். மனநலச் சட்டம் 25ஆம் பிரிவு அடிப்படை மருத்துவப் பதிவைப் பெறும் உரிமையைத் தருகிறது, மருத்துவர் என்றால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது விதி. புகார் போன பிறகு கேட்டால் கோப்பு 'காணாமல்' போகும் வாய்ப்பு அதிகம். வாட்ஸாப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அழித்துவிடாதீர்கள். அந்த போனையே பத்திரமாக வையுங்கள், மாற்றினால் பழையதை விற்காதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும், மூலம் கையில் இருந்தால் வேலை சுலபம். நடந்ததைத் தேதிவாரியாக எழுதி வையுங்கள். அன்றே யாரிடமாவது அழுதிருந்தால் அந்தத் தோழியின் பெயரும் அதில் இருக்கட்டும்.

கஷ்டமான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் நீங்கள் அந்த அறையில் சொன்னதெல்லாம், குடும்பம், பழைய காதல், தற்கொலை எண்ணம் எல்லாம், எதிர்த்தரப்பின் கையில் ஆயுதமாக வரலாம். வன்புணர்வு வகை வழக்குகளின் விசாரணை மூடிய அறையில் நடக்கும், பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதே குற்றம். நுகர்வோர் ஆணையத்தில் அந்தத் திரை தானாக விழாது, கேட்டுப் பெற வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு ஒருவர் போலீஸுக்குப் போகாமல் கவுன்சிலோடு நிறுத்திக்கொண்டால் அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஃபேஸ்புக்கில் பெயரோடு எழுதிவிடலாம் என்று கை பரபரக்கும். எழுதினால் அவர் அவதூறு வழக்கு போடுவார், அப்போது நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் வரும். அதே வார்த்தைகளை நல்லெண்ணத்தோடு உரிய அதிகாரிக்குப் புகாராகக் கொடுத்தால் அவதூறுப் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. முதலில் புகார், பிறகு வேண்டுமானால் பதிவு.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்குபவர்களுக்கு: 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்களும், மனநலப் பாதிப்பு உள்ளவர்களும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் பெறலாம். விழுப்புரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, திண்டிவனத்தில் வட்டக் குழு. தொலைபேசி எண் 15100. நடந்ததை வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும், டைப் அடிக்கக்கூட வேண்டாம்.